பின்விரல் நகம்

படிவத்தில் ஆறாவது கட்டம்: பறவையின் இனம்.
எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர்கள்
ஒன்பது வருடமாக அதில்
'சிறியது' என்றே எழுதியிருக்கிறார்கள்.
ஒரே ஒரு முறை, 'பழுப்பு'.

பாங்காக்கிலிருந்து காலை வந்திறங்கிய விமானத்தின் மூக்கில்
ஒரு விரல் அகலத்துக்குக் கறை.
ஓடுபாதையின் வடக்கு முனையில்
ஓர் இறக்கை, கொஞ்சம் வால், ஒரு கால்.
விமானி 'குருவி' என்றார்.
ரோய் எட் விமான நிலையப் புல்லில்
குருவி கிடையாது, ஐயா.
அது நூடுல்ஸ் கடை மேசைகளுக்குக் கீழே இருக்கிறது.

முதலில் வானம்பாடி என்று நினைத்தேன்.
வானம்பாடிக்கு அலகு தடிப்பு.
இறக்கையை விரித்தால் செங்கல் நிறம் தெரியும்.
இந்த இறக்கையில் செங்கல் இல்லை.
கதிர்க்குருவியோ?
அது என் கட்டைவிரலுக்கு மேல் வளராது.
வானத்தில் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு 'ஸிட்',
யாரோ கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடுவதுபோல.
இந்தக் கால் அதற்கு மிக நீளம்.

அப்படியானால் நெட்டைக்காலி.
எங்கள் பேச்சில் அதற்கு 'தரையை இடிப்பது' என்று பெயர்,
நின்ற இடத்தில் வாலை
மேலும் கீழும் ஆட்டுவதால்.
வாக்கி-டாக்கியில் அந்தப் பெயரைச் சொன்னால்
கட்டுப்பாட்டுக் கோபுரம் முழுக்கச் சிரிக்கும்.
ஏனென்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பிப்ரவரியில் இந்தப் புல்லில்
நெட்டைக்காலி இரண்டு வகை.
ஒன்று பனிக்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருவது:
உயரம், நிமிர்ந்த நெஞ்சு,
இறங்கும் முன் புல்லுக்கு மேலே ஒரு கணம் தயங்கும்,
துணி கிழிவதுபோல் 'ஷ்ரீப்' என்னும்.
மற்றது இங்கேயே கிடப்பது.
சற்றுச் சிறிது. 'சிப், சிப்'.
அலகிலிருந்து கண்வரை ஒரு கறுப்பு நூல்.

என் கையில் இருப்பதற்கு
குரலும் இல்லை, கண்ணும் இல்லை.

மீதி இருப்பது பின்விரல் நகம்.
வடக்கத்திக்கு அது தேவைக்கு மேல் நீண்டிருக்கும்,
நகம் வெட்ட மறந்தவன் மாதிரி.
பிரேக் தட்டு அளக்கிற காலிப்பரை
வாரீயிடம் கடன் வாங்கினேன்.
எதற்கு என்று கேட்டாள்.
காட்டியதும் மேலே எதுவும் கேட்கவில்லை.

பதினொரு மில்லிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
நாலாவது முறை கொஞ்சம் இழுத்துக்கூடப் பார்த்தேன்.
விருந்தாளியாக இருந்திருந்தால்
'மார்ச்சில் தானாகப் போய்விடும்' என்று எழுதி
சாப்பிடப் போயிருப்பேன்.

இது ஊர்க்காரப் பறவை.

போன வாரம் பதினான்காம் விளக்கின் பக்கத்தில்
கம்ஸிங் புல்வெட்டும் வண்டியை
ஒரு புற்குத்தைச் சுற்றி வளைத்து ஓட்டினான்.
ஏன் என்று கேட்டதற்குக் 'கல்' என்றான்.
அங்கே கல் இல்லை. எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

இப்போது வந்து உறைக்குள் எட்டிப் பார்க்கிறான்.
'ஆணா, பெண்ணா?'
'இதில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது.'
தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொள்கிறான்.
எங்கோ கரும்புக்கொல்லை எரிக்கிறார்கள்;
கறுப்புச் சாம்பல், மெல்லிய சுருள் சுருளாக,
எங்கள் இருவர் தோளிலும்.

பைனாகுலரில்: பதினான்காம் விளக்கு, ஒரு மண்கட்டி,
மண்கட்டி மேல் ஒன்று.
வால் ஆடுகிறது. கறுப்பு நூல் தெரிகிறது.
அலகில் ஒரு வெட்டுக்கிளி.
விழுங்கவில்லை.
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்க்கிறது,
பிறகு ஓடிப் புல்லுக்குள் நுழைகிறது.

அலுவலகத்துக்கு வந்து ஆறாவது கட்டத்தில்
பெயரை முழுசாக எழுதினேன்:
வயல் நெட்டைக்காலி, இவ்விடத்தது.
அந்தக் கட்டம் 'சிறியது' என்ற அளவுக்குத்தான் போட்டது.
கோட்டைத் தாண்டி ஏழாவது கட்டத்துக்குள் போய்விட்டது
என் கையெழுத்து.
ஏழாவது கட்டம்: சேதம்.
அதில் வேறு யாரோ
ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள்:
இல்லை.